சூரியனை நிறுத்திய மேடு

அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்னும் பழங்கல்லறை மேட்டின் கல்நடையில் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். 19 மீட்டர் நீளம். உள்ளறையில் நெருக்கியடித்து நின்றதும் வழிகாட்டிப் பெண் விளக்கை அணைத்தார். மின்விளக்கின் கீற்று ஒன்று தரையில் ஊர்ந்து வந்தது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் விடியும்போது வெயில் இப்படித்தான் நுழையும் என்றார். மாதிரிதான். இருந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. கட்டி 5,200 ஆண்டுகள் ஆகின்றன.

அந்த இருட்டை நினைத்தால் கூடவே கிளேர் மாவட்டத்து வயல் ஒன்றும் வந்துவிடும். நடுவில் வட்டமான மண்கரை, அதன்மேல் முட்புதர். ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய பண்ணைவீட்டின் சுற்றுக்கரை அது. சுற்றிலும் உழுதிருந்தார்கள், அங்கே மட்டும் கலப்பை படவில்லை. 'ஷீ' என்னும் கண்ணுக்குத் தெரியாத ஜனங்கள் குடியிருக்கும் இடமாம். கைவைத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். இத்தகைய கரைகள் அயர்லாந்தில் பல்லாயிரம் மிஞ்சியிருக்கின்றன. சட்டம் வருமுன்பே அவற்றைக் காத்தது இந்தப் பயம்தான். அதே கிளேரில், லாட்டூனில், ஷீக்கள் போருக்கு முன் கூடும் முள்மரத்தை நெடுஞ்சாலைக்காக வெட்டக்கூடாது என்று கதைசொல்லி எடி லெனிஹன் 1999இல் வாதாடினார். நெடுஞ்சாலை விலகிப்போனது.

நியூகிரேஞ்சிலும் ஊர்வாய்தான் முந்திக்கொண்டது. உள்ளே வெயில் வரும் என்று அங்குள்ளவர்கள் சொன்னபோது, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றே அகழாய்வாளர் மைக்கேல் ஓகெல்லி நினைத்தார். 1967 டிசம்பர் 21 விடியலில் உள்ளே போய்க் காத்திருந்தார். வாசலுக்கு மேலே, அவர் தோண்டும்வரை மண்மூடிக் கிடந்த திறப்பின் வழியே வெயில் வந்து உள்ளறையைத் தொட்டது. சுமார் 17 நிமிடம். அந்த மேட்டைப் பற்றிய பழங்கதையில் தாக்தா என்னும் தெய்வம், பிறன்மனைவி போயனோடு கூடி, விஷயம் வெளியே தெரியாதிருக்கச் சூரியனை ஒன்பது மாதம் அசையாமல் நிறுத்துகிறது. அவர்களின் மகன் ஏங்கஸ் ஒரே பகலில் கருவாகிப் பிறக்கிறான்.

பக்கத்து மேடான டௌத்துக்கும் ஒரு கதை, 11ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது: அதைக் கட்டிய அரசன் தன் தங்கையோடு கூடினான் என்று. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, நியூகிரேஞ்சில் புதைக்கப்பட்ட ஓர் ஆணின் பெற்றோர் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும் என்றது. தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் பள்ளிப்பிள்ளைகள் சுமார் 50,000 பேர் வீட்டுப் பெரியவர்களிடம் இத்தகைய கதைகளைக் கேட்டு எழுதினார்கள். அந்தப் பக்கங்கள் இன்று இணையத்தில் இருக்கின்றன. அயர்லாந்துக்குப் போகிறவர்கள் சிலவற்றையேனும் படித்துவிட்டுப் போங்கள்.