அலமாரியில் இருந்த சொட்டு மருந்து

நாம் செய்த தவறு ஒன்றை இங்கே கூற வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலம் அது. தை அறுவடை நடந்துகொண்டிருந்தது. களத்து வேலைக்குச் சென்ற அம்மையார் ஒருவர் மாலையில் பங்கு இல்லத்துக்கு வந்தார். நெல்தாள் கண்ணில் குத்திவிட்டதாம். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "சாமி, நாளைக்கும் வேலை இருக்கு, ஏதாவது மருந்து இருந்தா குடுங்க" என்றார். நமக்குக் கண் அரிப்பு வந்தபோது மருத்துவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து அலமாரியில் மீதி இருந்தது. எடுத்துக் கொடுத்தோம். இரண்டு நாளில் சிவப்புக் குறைந்ததாகச் சொல்லியனுப்பினார். நாமும் மகிழ்ந்தோம்.

பத்தாம் நாள் அவருடைய கருவிழியில் வெண்புள்ளி தோன்றியது. மதுரைக்கு அழைத்துச் சென்றோம். "இதுவரை என்ன மருந்து போட்டீர்கள்?" என்பதே கண் மருத்துவரின் முதற்கேள்வி. நாம் கொடுத்தது ஸ்டீராய்டு மருந்து. அது சிவப்பை அடக்கும். அத்துடன் உடலின் எதிர்ப்பாற்றலையும் அடக்கும். உள்ளே புகுந்திருந்ததோ பூஞ்சை. காவலனை உறங்கவைத்துக் கள்வனுக்குக் கதவைத் திறந்துவிட்டோம்!

புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில நிமிடங்களில் பூஞ்சையின் இழைகள் தெரிந்தன. ஆனால் அது எந்தப் பூஞ்சை? அதை அறிய, வளர்ப்பூடகத்தில் இட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். வளர்ந்தபின் வித்துக்களின் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். தோணிபோல் வளைந்தவை ஃபியூசேரியத்தின் வித்துக்கள். தண்டின் தலையில் சரஞ்சரமாய் நிற்கும் உருண்டைகள் ஆஸ்பர்ஜில்லஸின் வித்துக்கள்.

இந்த அடையாளம் நம் வட்டாரத்துக்கு மிகவும் இன்றியமையாதது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 சனவரி முதல் மார்ச்சு வரை கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டுமே காரணம். 139 பேருக்குப் பூஞ்சை மட்டுமே காரணம். ஏறக்குறைய சரிபாதி! பாக்டீரியாவுக்குரிய மருந்து பூஞ்சையைத் தொடாது. வெளியே நின்று பார்க்கிறவருக்கோ இரண்டும் ஒரே சிவப்புக் கண்தான்.

பூஞ்சையின் பெயர் தெரிந்தபின் அடுத்த சோதனை உண்டு. பணியாரச் சட்டிபோல் சிறுசிறு குழிகள் நிறைந்த தட்டில், ஒரு குழியைவிட அடுத்த குழியில் மருந்து பாதியாகும்படி ஊற்றி, எல்லாவற்றிலும் பூஞ்சையின் வித்துக்களை இடுகிறார்கள். ஓரிரு நாள் சென்றபின், எவ்வளவு குறைந்த மருந்தில் பூஞ்சை வளராமல் நின்றது என்று பார்க்கிறார்கள். ஒரு பூஞ்சை சிறிதளவு மருந்துக்கே அடங்கும். மற்றொன்று மிகுதியாக ஊற்றினாலும் அடங்காது.

இந்த வேறுபாடு தட்டோடு நிற்பதன்று. அரவிந்த் மருத்துவமனைகளில் நடைபெற்று 2013-இல் வெளியான ஆய்வில், நாட்டாமைசின் என்னும் பழைய மருந்தையும் வோரிகோனசோல் என்னும் புதிய மருந்தையும் 323 நோயாளரிடம் ஒப்பிட்டார்கள். பழைய மருந்தே வென்றது. அதுவும் ஃபியூசேரியத்தால் வந்த புண்ணில் வேறுபாடு மிகுதியாக இருந்தது. புதியது என்பதால் சிறந்ததென்று கொள்ளலாகாது. எந்தப் பகைவனுக்கு எது என்பதே கேள்வி.

நம் ஊரின் பெயரையே தாங்கிய நோயொன்றும் இதையே கற்பிக்கிறது. 1842-இல் கில் என்னும் மருத்துவர் மதுரையில் கண்டு எழுதிய பாத வீக்கத்துக்கு, 'மதுரைப் பாதம்' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. முள் குத்திய வழியே கிருமி புகும். அதற்கும் பூஞ்சை காரணமாகலாம், பாக்டீரியாவும் காரணமாகலாம்; இரண்டுக்கும் மருத்துவம் வேறு வேறு.

அந்த அம்மையாருக்கு மணிக்கொரு முறை நாட்டாமைசின் இட்டார்கள். வாரக்கணக்கில் மருத்துவம் நடந்து புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் அவருக்கு இன்று நிழல்தான் தெரிகிறது. அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நமக்குப் பாரமாயிருக்கிறது.

ஆகவே, அறுவடை நாட்களில் நாம் வேண்டுவது இதுவே: கண்ணில் தாளோ தூசியோ பட்டால் தூய நீரால் கழுவுங்கள். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் வேண்டா. மற்றவருக்கு எழுதிய சொட்டு மருந்து அறவே வேண்டா. அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒருநாள் கூலி போனாலும் போகட்டும். நம் அலமாரியில் இப்போது மீதி மருந்து எதுவும் இல்லை.