தொட்டியில் படிந்த பழுப்பு

ஆவணி, ஞாயிறு

மணல்மேல் பழுப்பு இறங்கிவிட்டது. நீரோட்டம் மந்தமாயிருக்கும் இடது மூலையில், விளக்குக்கு நேர் கீழே, காலையில் சந்தேகத்துக்கிடமான ஒரு நிழலாகத் தோன்றியது, மாலைக்குள் உள்ளங்கையகலத் துருநிறப் படலமாகித் தன்னை நிச்சயப்படுத்திக்கொண்டது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அடங்கி, நைட்ரேட் ஒன்றே சோதனைக் குழாயில் நிறங்காட்டும் நிலையை எய்திய புதுக் கடல்நீர்த் தொட்டியில் முதற்குடியாக வந்து அமர்வது டயாட்டம் என்னும் ஓரணுப் பாசிதான் என்பது, இந்தப் பொழுதுபோக்கில் சிறிது காலம் பழகிய எவரும் அறிந்த விஷயமாகையால், எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை. வருத்தமெல்லாம் வீட்டாருக்குத்தான். "இவ்வளவு செலவு பண்ணி அழுக்கைப் பார்க்கவா?" என்று மனைவி கேட்டதற்கு, நீர் தெளிவாகத்தான் இருக்கிறது, படிந்திருப்பது மணலில் மட்டுமே என்று பதில் சொன்னேன், அது எடுபடவில்லை.

கடலிலிருந்து உயிருள்ள பாறையை எடுத்துவந்து வைக்கும் தேசங்களில் இப்பழுப்பு சீக்கிரம் விலகிவிடுவதுண்டு. பாறையோடு வரும் பாக்டீரியாவும் பிற பாசிகளும் சிறு பிராணிகளும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்வதே காரணம். நம் நாட்டில் பாறைகட்டும் பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்று, அவற்றை எடுப்பது தடைசெய்யப்பட்டிருப்பதால், உலர்ந்த பாறையைக் கொண்டே நாம் தொடங்க வேண்டியிருக்கிறது. அது நியாயமுந்தான், சுண்ணாம்புக்காக மன்னார் வளைகுடாவில் எத்தனை காலம் பவளத்தை வெட்டியெடுத்தார்கள் என்பதை அறிந்தவர் அதை ஆட்சேபிக்கமாட்டார்.

செவ்வாய்

கொளத்தூர் வரை போய்வந்தேன். வண்ணமீன் கடைகள் நிறைந்த அவ்வீதியில், நான் வழக்கமாக உப்பு வாங்கும் கடைக்காரர், விஷயத்தை முழுவதும் கேட்பதற்கு முன்பே ஒரு குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒரு மூடி ஊத்துங்க சார், ரெண்டே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்." அருகில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த முதியவரொருவர், முகத்தைத் திருப்பாமலே, "கை வைக்காதீங்க சார், தானா வந்தது தானா போயிடும்" என்றார். குப்பியை வாங்காமல் திரும்பினேன். பாசியைக் கொல்லும் மருந்து, கொன்ற பாசியின் உடலிலிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மறுபடி நீரிலேயே விட்டுவிடுகிறது. அவற்றை உண்டு அடுத்ததொன்று முளைக்கும். முதியவர் சொன்னதிலும் பாதியே உண்மை. வரும் வழியை அடைத்தால்தான் தானாகப் போகும்.

சனி

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நண்பரின் வீட்டுக்கு ஒரு சிறு சீசாவில் அந்தப் பழுப்பை எடுத்துச் சென்றேன். நோயின் பெயர் தெரியாமல் சிகிச்சை செய்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஏனெனில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் வேறொரு வகுப்பும் இதே நிறத்தில்தான் வரும். அது கோழைபோல் இழையிழையாகத் தொங்கி, நுனியில் காற்றுக் குமிழ்களைப் பிடித்துவைத்திருக்கும். சிலவற்றின் நஞ்சு, மேயவரும் நத்தைகளையே கொன்றுவிடும். சீசாவைக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் அது மீண்டும் ஒன்றுகூடிக் கோழையாகும். என்னுடையது கூடவில்லை, பொடியாகவே அடியில் படிந்தது.

400 மடங்கு பெருக்கத்தில் கண்ட காட்சியை விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். படகின் வடிவமும் பொன்னின் நிறமுமாகப் பல உயிர்கள் கிடந்தன. பச்சையம் அவற்றிலும் உண்டு. ஃபூக்கோசாந்தின் என்னும் நிறமி அதை மறைத்துப் பழுப்பாக்கிக் காட்டுகிறது. துடுப்போ சவுக்கிழையோ ஒன்றுமில்லாமலே அவற்றில் ஒன்று நேர்கோட்டில் நகர்ந்து, மணற்பருக்கையொன்றில் முட்டி, ஒரு கணம் நின்று, உடலைத் திருப்பாமல் வந்த வழியே பின்னோக்கிச் சென்றது. ஓட்டின் நீளவாட்டில் ஓடும் ஒரு பிளவின் வழியே பசையைக் கசியவிட்டு, அப்பசையைப் பற்றுக்கோடாகக் கொண்டே அது வழுக்கிச் செல்கிறது என்று நண்பர் விளக்கினார். விளக்கு ஏற்றுமுன் அதிகாலையில் மணல் ஓரளவு வெளுத்தும், பிற்பகலில் பழுப்பேறியும் தோன்றுவதன் காரணம் அப்போது விளங்கியது: இருளில் இவை மணலுக்குள் இறங்கி, ஒளி வந்ததும் மேலே ஏறிவிடுகின்றன.

ஓடு முழுவதும் சிலிகா, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். குங்குமச் சிமிழின் மூடி அடிப்பாகத்தின்மேல் கவிந்திருப்பதுபோல, ஒரு பாதி சற்றுப் பெரியதாகவும் மற்றப் பாதி அதனுள் அடங்குவதாகவும் அமைந்திருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொன்றும் பழைய பாதியொன்றை மூடியாக வைத்துக்கொண்டு, உள்ளடங்கும் பாதியையே புதிதாகச் செய்துகொள்வதால், சந்ததியில் ஒரு கிளை தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும். சிறுமையின் எல்லையை அடைந்ததும் ஓட்டைக் களைந்து, ஆக்ஸோஸ்போர் என்னும் நிலையில் பருத்து, பழைய அளவை மறுபடி அடையும். இந்த நிலையை சைக்ளோடெல்லா என்னும் பேரினத்தில் ஆராய்ந்து 1940-களில் எழுதியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம். ஓ. பி. ஐயங்காரும் அவருடைய மாணவர் ஆர். சுப்பிரமணியனும் என்று சொன்னபோது நண்பரின் குரலில் சற்றுப் பெருமிதம் ஏறியது. சென்னைக் கடலோரத்து மிதவை டயாட்டங்களை வகைப்படுத்தி சுப்பிரமணியன் 1946-இல் வெளியிட்ட விரிவான கட்டுரையைப் பின்வந்தவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். மெரினாவில் நடக்கப்போகும் எத்தனை பேருக்கு அப்பெயர் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள்

ஆகவே கேள்வி சிலிகா எங்கிருந்து வருகிறது என்பதே. மணல்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் குவார்ட்ஸ் மணலே நீரில் எளிதில் கரைவதில்லை, என் தொட்டியிலுள்ளதோ சுண்ணாம்பு மணல். வழி, தண்ணீர்தான். கருங்கல்லையும் களிமண்ணையும் ஊடுருவி வரும் நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்குப் பல மில்லிகிராம் சிலிகா கரைந்திருக்கும். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் அதில் மிகச் சொற்பமே காணப்படும்.

நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்றால், வீடுகளில் மாட்டும் இயந்திரத்தில், குடிநீருக்குச் சுவை வேண்டுமென்று மூலநீரைச் சிறிதளவு திரும்பக் கலந்துவிடும் திருகொன்று பெரும்பாலும் உண்டு. பழுதுபார்க்க வரும் பையன் "டி.டி.எஸ். சரியா வெச்சிருக்கேன் சார்" என்று திருப்தியோடு சொல்லிப் போவது அந்தத் திருகைத்தான். அதை முற்றிலும் மூடி, கடைசியில் அயனிகளை நீக்கும் ரெசின் குழாயொன்றையும் இன்று பொருத்தச் செய்தேன். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீரில் கரைந்த சிலிகா பெரும்பாலும் மின்னூட்டமற்ற சிலிசிக் அமிலமாக இருப்பதால், மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த பொருள்களின் மொத்த அளவென்று எண்ணைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரின் கண்ணில் அது படுவதேயில்லை. ரெசின் களைத்துப்போகும்போது முதலில் நழுவவிடுவதும் அதையே. மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கையிலேயே சிலிகா உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். மீட்டரை நம்பாமல் ரெசினை முன்கூட்டியே மாற்றிவிடுவது உத்தமம்.

வியாழன்

பாசியை மேயும் செரித் நத்தைகள் வந்து சேர்ந்தன. இரவில் கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தேன்: நத்தை வாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு தரமும் அரம் போன்ற நாக்கு ஒருமுறை வெளிவந்து வழிக்க, பழுப்பின் நடுவே வளைந்து வளைந்து செல்லும் தெளிந்த தடமொன்று பின்னால் நீண்டுகொண்டே போயிற்று.

ஞாயிறு

மகாபலிபுரத்துக்கு அப்பால், மரக்காணம் செல்லும் சாலையோரத்தில் இறால் குஞ்சுப் பொரிப்பகம் நடத்தும் உறவினர் ஒருவரைக் காணச் சென்றோம். அங்கே ஒரு கூடத்தில் வரிசையாகப் பழுப்பு நீர்த் தொட்டிகள். குமிழ் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கீட்டோசெராஸ் என்னும் டயாட்டம். பொரித்த இறால் குஞ்சு முதலில் உண்பது அதைத்தான். நன்றாக வளரட்டுமென்று சோடியம் சிலிகேட்டை அளந்து ஊற்றுகிறார்கள். "ஒரு நாள் இது சரியா வரலேன்னா எனக்குத் தூக்கம் போயிடும் மாமா" என்றான் அவன். அதை ஒழிக்க நான் செய்துவரும் பிரயத்தனங்களை அவனிடம் சொல்லவில்லை. உலகத்து ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இச்சிற்றுயிர்களால் நடைபெறுகிறது என்பதையும் கருதினால், நம் வெறுப்பு முழுக்க முழுக்கக் கண்ணின் வெறுப்பே.

புரட்டாசி, வெள்ளி

பழுப்பு மெலிந்துவிட்டது. சிலிகா தீர்ந்தால் டயாட்டத்துக்கு ஓடு இல்லை. ஓடில்லாமல் பிரிதல் இல்லை. ஆனால் அது உண்டுவந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிச்சமிருக்குமாதலால், வேறொன்று அவ்விடத்துக்கு வந்தே தீரும். பின்சுவரில் இளம்பச்சை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இது நல்ல வாரிசு. இடம் காலியாயிருந்தால் டைனோஃபிளாஜெல்லேட் வந்து அமரவுங்கூடும்; அதனால் அவதிப்படும் சிலர், அதற்குப் போட்டியாக டயாட்டம் வளரட்டுமென்று சிலிகேட்டை வேண்டுமென்றே வார்ப்பதுண்டு. ஆதலால் துடைத்துத் துடைத்து மணலை ஒரேயடியாக வெறிச்சோடச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. முன்கண்ணாடியை மட்டும் வழித்துவிட்டு, பின்சுவரையும் பாறையையும் நத்தைகளுக்கு விட்டுவிட்டேன்.

அடர்த்தி 1.025-இல் நிற்கிறது. அடுத்த வாரம் கோமாளி மீன் இரண்டு வாங்குவதாக உத்தேசம். அவற்றைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு பயிற்சியும் அளித்துவருவதால், கடலில் பிடித்தவை வேண்டாம், தொட்டியில் பிறந்தவையே வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். விலை கொஞ்சம் கூடும் என்றார். கூடட்டும்.