வடாலாவும் வண்டி விளக்கும்

மும்பையின் துறைமுக இரயில் பாதையில் வருவோர்க்கு வடாலா ரோடு நிலையம் பாதை பிரியும் இடமாகும். இங்கிருந்து ஒரு கிளை குர்லா, செம்பூர் வழியாகப் பன்வேலை நோக்கிச் செல்கிறது. மற்றொரு கிளை கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியாகப் பாந்திராவை நோக்கித் திரும்புகிறது. மேற்கே மாட்டுங்கா, வடக்கே அன்டாப் ஹில், அதற்கப்பால் சயானும் தாராவியும் என நம்மவர் குடியிருப்புகள் சூழ்ந்திருப்பதால், இப்பகுதித் தெருக்களில் தமிழ் காதில் விழாத நாள் அரிது. ஆயினும் வடாலாவைப் பார்த்து வாருங்கள் என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை. இரயில்வே குமாஸ்தாவாக நாள்தோறும் அவ்வழியே செல்லும் நாமும், சென்ற மழைக்காலத்தில் ஒரு வண்டியின் பின்விளக்கு மங்கும் வரையில், அவ்விடத்தை நின்று நோக்கியதில்லை.

வடாலாவின் வரலாற்றில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று உப்பைப் பற்றியது. 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தொண்டர்கள் தடியடிக்கு அஞ்சாது இங்குள்ள உப்பளங்களில் புகுந்து உப்பை அள்ளினர். மற்றொன்று மின்சாரத்தைப் பற்றியது. 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்சார இரயில், விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை, இந்தத் துறைமுகப் பாதையில்தான் ஓடிற்று. அன்று 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 2016 முதல் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். உப்பு, மின்சாரம் ஆகிய இவ்விரண்டுமே நாம் சொல்லவந்த செய்தியில் மீண்டும் தலைகாட்டும்.

நம் அண்டை வீட்டார் திருநெல்வேலிச் சீமையினர். சிறு பிக்கப் வண்டி ஒன்றைக் கடனில் வாங்கி, வாஷிச் சந்தையிலிருந்து காய்கறியும் வாழையிலையும் ஏற்றி, பொழுது விடியுமுன் மாட்டுங்காக் கடைகளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர். அவ்வண்டிதான் அவர் வீட்டு அடுப்பு எரியக் காரணம். ஜூலை மாதத்தில் அதன் பின்விளக்குகள் மங்கத் தொடங்கின. அருகிலிருந்த ஒரு கடையில் பல்புகளை மாற்றினார். நான்கு நாள் எரிந்தன. மறுபடியும் மாற்றினார். மூன்றாம் முறை பியூஸையும் மாற்றினார். பணம் போயிற்றேயன்றிப் பழுது போகவில்லை.

ஒரு நாள் பின்னிரவில், மான்கூர்த் அருகே, கொட்டும் மழையில் அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரி, கிறீச்சிட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து, “நீ பிரேக் போட்டது எனக்குத் தெரியவேயில்லை!” என்று கூவினாராம். வீடு திரும்பிய நம் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

மறுநாள் நமக்கு விடுமுறை. அவருடன் வடாலா லாரி நிலையப் பக்கம் சென்றோம். ஆஷாட ஏகாதசிக்குப் பெருங்கூட்டம் கூடும் விட்டல் கோயில் உள்ள அதே வடாலாதான். எனினும் இத்தெருக்களின் தெய்வம் உழைப்பு ஒன்றே. டயர்க்கடை, பட்டறை, பாட்டரிக்கடை எனத் தொடரும் வரிசையில், தாராவியில் வாழும் தமிழர் ஒருவர் வண்டி மின்வேலை செய்துவருகிறார். அறுபதை நெருங்கும் வயது. நண்பர், “அண்ணாச்சி, புது பல்பு போட்டுப் பாருங்கள்” என்றார். அவர் பல்புப் பெட்டியைத் திறக்கவேயில்லை. “தம்பி, முதலில் பார்ப்போம். கழற்றுவது பிறகு” என்றார்.

இரவு விளக்கைப் போடச் செய்தார். பின்விளக்குகள் ஒருவாறு எரிந்தன. பிரேக்கை மிதிக்கச் செய்தார். பிரகாசிக்க வேண்டிய விளக்குகள் முன்னைவிட மங்கின. தொடாத இண்டிகேட்டர்கள் இரண்டும் இலேசாகச் சிவந்தன. அண்ணாச்சி சிரித்தார். “பல்பு நல்ல பல்பு. கரண்டும் வருகிறது. வந்த கரண்டு திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த் கெட்டிருக்கிறது” என்றார்.

இரயில்வேக்காரராகிய நமக்கு அது உடனே விளங்கிற்று. மேலே தொங்கும் கம்பியிலிருந்து இறங்கும் மின்சாரம், இரயிலை ஓட்டியபின் தண்டவாளம் வழியாகவே துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. வண்டியிலும் அப்படியே. பாட்டரியிலிருந்து விளக்குக்கு ஒயர் வழியாகச் செல்லும் மின்சாரம், வண்டியின் இரும்பு உடல் வழியாகத் திரும்புகிறது. அவ்வழியில் துரு படிந்தால், 5 வாட் பின்விளக்குகள் இரண்டுக்கும் வேண்டிய சிறு மின்னோட்டம் எப்படியோ நுழைந்து சென்றுவிடும். 21 வாட் பிரேக் விளக்குகள் இரண்டும் சேரும்போது நெருக்கடி உண்டாகிறது. திரும்ப வழியின்றி, மின்சாரம் அண்டையிலுள்ள இண்டிகேட்டர் இழைகளின் வழியே வேறு பாதை தேடுகிறது. அவை சிவந்ததன் காரணம் இதுவே.

ஐயத்தைத் தீர்க்க, அண்ணாச்சி ஒரு நீண்ட ஒயரை எடுத்து, பின்விளக்குகளின் எர்த் முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையோடு நேரே இணைத்தார். பிரேக் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன! பின்பு வண்டிக்கு அடியில் படுத்து, எர்த் ஒயரைச் சேஸுடன் பிணைக்கும் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். கடற்காற்றின் உப்பும் மழைநீரும் சேர்ந்து அதைத் துருக்கட்டியாக்கியிருந்தன. உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, புதிய வாஷர் இட்டு, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவினார். முன்னர் பல்பு மாற்றியபோதெல்லாம் நான்கு நாள் எரிந்தது எவ்வாறு என்று கேட்டோம். “கழற்றி மாட்டும்போது ஒயர் அசையும், துரு கொஞ்சம் உதிரும். அவ்வளவுதான்” என்றார். அவர் கேட்ட கூலி, முன்பு வாங்கிய பல்புகளின் விலையிலும் குறைவு.

வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இம்முறையை மனத்திற் கொள்ளுதல் நலம். ஒரு விளக்கு மட்டும் முற்றிலும் எரியாவிடில் பல்பைப் பாருங்கள். ஒரு பக்க இண்டிகேட்டர் வழக்கத்தைவிட விரைந்து துடித்தால், அப்பக்கத்துப் பல்பு ஒன்று போயிருக்கலாம். பல விளக்குகள் ஒருசேர அணைந்தால் பியூஸைப் பாருங்கள். அது மீண்டும் மீண்டும் போனால், எங்கோ ஒயர் உராய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று கொள்க. பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். விளக்குகள் மங்கினாலோ, ஒன்றைப் போட மற்றொன்று எரிந்தாலோ, எர்த்தைப் பாருங்கள். பின்னிருக்கும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரியவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதி. மழையிருளில் பின்னால் வருபவருக்கு நாம் இருப்பதைச் சொல்ல அவ்வொளியையன்றி வேறு நாவில்லை.

இப்பொழுது நண்பர் சந்தைக்குப் புறப்படும் ஒவ்வோர் இரவும், அவர் மனைவி தெருவில் இறங்கி வண்டியின் பின்னால் நிற்கிறார். அவர் பிரேக்கை மிதிக்கிறார். “எரியுதுங்க” என்னும் குரல் நம் வீட்டுச் சன்னல் வரை கேட்கிறது. அதன் பின்னரே வண்டி நகர்கிறது.