கீழ்ப்பிரிவுப் பயிற்றுநர்

2016ஆம் ஆண்டில் லெஸ்டர் கழகம் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றபோது, அதன் பயிற்றுநர் கிளவுடியோ ரனியேரியின் பெயர் நம் மாணவர் நாவிலும் அடிபட்டது. ஒரே பருவத்தில் நிகழ்ந்த அற்புதம் என்றார்கள். அதற்கு முந்திய முப்பது ஆண்டு உழைப்பைப் பற்றிப் பேசியவர் சிலரே.

ரனியேரி உரோமாபுரி இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகன். பின்காப்பாளராகப் பல ஆண்டுகள் கற்றன்சாரோ கழகத்துக்கு ஆடினார். பெரும் புகழ் பெற்றாரில்லை. ஆட்டத்தை விட்டபின், 1986இல், இத்தாலியின் தெற்கே லமேசியா என்னும் ஊரின் சிறு கழகத்தில் பயிற்றுநரானார். இளைஞர் பிழைப்புத் தேடி வடக்கே போகும் கலாப்ரியா மாநிலத்து ஊர் அது. 1988இல் சார்டினியத் தீவின் காலியாரி கழகம் அவரை அழைத்தது. அன்று அது மூன்றாம் பிரிவிலே கிடந்தது. அடுத்தடுத்த இரு பருவங்களில் அதனை உயர்த்தி, 1990இல் முதற் பிரிவிலே கொண்டுபோய் நிறுத்தினார். லெஸ்டரின் வெற்றியினும் இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அவரும் அவ்விடத்தை மறந்தாரில்லை. 71 வயதில், இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்த அதே கழகத்துக்குத் திரும்பி வந்து, 2023 ஜூனில் மீண்டும் மேலேற்றினார்.

ஆளின் திறமை மட்டும் இதற்குக் காரணமன்று. இத்தாலியில் பயிற்றுவித்தல் கற்றுத் தேறவேண்டிய தொழில். புளோரன்சு நகரையடுத்த கொவர்ச்சானோவில் 1958இல் திறக்கப்பட்ட நிலையத்தில் பயிற்றுநருக்கென்றே பாடசாலை உண்டு. சிற்றூர்க் கழகமும் தன் பயிற்றுநருக்கு ஊதியம் கொடுக்க முயல்கிறது.

ரனியேரி லமேசியாவில் தொழில் தொடங்கிய அதே காலத்தை ஒட்டி, நம் கட்டுகஸ்தோட்டையிலும் ஒரு பயிற்றுநர் வேலை செய்துகொண்டிருந்தார். ஆட்டம் வேறு, கிரிக்கெட், தொழில் ஒன்றே. புனித அந்தோனியார் கல்லூரியில், குண்டசாலைப் பிஸ்கற் உற்பத்தியாளர் ஒருவரின் மகன் நடுத்தர வேகத்தில் பந்து வீசிவந்தான். பதினான்கு வயதளவில் அவனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் சுனில் பெர்னாண்டோ. 2010இல் காலி மைதானத்தில் முத்தையா முரளிதரன் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியதை உலகமே அறியும். அந்த ஒரு சொல்லைச் சொன்னவரை எத்தனை பேர் அறிவர்?

அச்சிறுவன் கலஹாவிலோ புசல்லாவையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்திருந்தால் அவன் மணிக்கட்டைக் கவனித்திருக்கக் கூடியவர் யார் என்று நாம் எண்ணாமலிருக்க இயலவில்லை. தோட்டப் பிள்ளைகள் ஆடாதவர்களல்லர். போயா விடுமுறையில், சரிந்த நிலத்தில், தேயிலைக்குள் ஓடிப்போகும் பந்தை மாறிமாறி எடுத்துவந்து அந்திவரை ஆடுகிறார்கள். கால்வன்மை உண்டு, மூச்சு உண்டு. இப்படி உதை, இங்கே நில் என்று சொல்லித் தரத்தான் ஆளில்லை. விளையாட்டுப் பாடவேளை கணிதத்துக்குக் கைமாறும் பாடசாலைகளையும் நாம் கண்டிருக்கிறோம். பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்கும் அதிகாரி, பிள்ளை எதில் வல்லவன் என்று கேட்பதில்லை.

ஐந்தாறு தோட்டப் பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு பயிற்றுநர், மாதச் சம்பளத்தோடு, வாரத்தில் ஒரு நாளேனும் ஒவ்வொன்றுக்கும் வந்துபோக வேண்டும். ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதனை நாம் எழுப்பலாம். அவருடைய பஸ் கட்டணத்தையும் சேர்த்தே கேட்போம். மலைப்பாதையில் அது சிறு தொகையன்று.