எண்ணெயும் திராட்சை மதுவும்

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர், வழியில் குற்றுயிராய்க் கிடந்தவரின் காயங்களில் எண்ணெயையும் திராட்சை மதுவையும் சேர்த்தே வார்த்தார். மது புண்ணின் அழுக்கைக் கழுவும். எண்ணெய் அது காய்ந்து வெடிக்காமல் காக்கும். ஒன்றன் பணியை மற்றொன்று செய்யாது. இந்தப் பழைய கைப்பக்குவத்தின் உட்பொருளை இன்றைய மருத்துவம் தன் வழியில் மீண்டும் கண்டுகொண்டிருக்கிறது.

தோல் கிழிந்தால் முதலில் குருதி உறைகிறது. பின்னர் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. அதன்பின் புதுத் திசு வளர்கிறது. இறுதியில் தழும்பு மெல்ல வலுப்பெறுகிறது. ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு துணை வேண்டும். புண்ணை உலரவிடாமல் மூடிவைத்தால் மேல்தோல் விரைவாகப் படரும் என்று 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். தோலுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்ற புரதம் மூவிழை முறுக்காய் அமைந்தது என்பதை, 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் உலகுக்கு அறிவித்தனர். 1981-இல் அமெரிக்காவில் பர்க், யான்னாஸ் என்னும் இருவர், மாட்டின் கொல்லாஜனோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்பேட்டை இணைத்து, தீக்காயம் பட்டோருக்குச் செயற்கைத் தோல் அமைத்தனர். கொடிக்குப் பந்தல் போல் அது நிற்க, நோயாளியின் சொந்தத் திசுவே அதனுள் படர்ந்தது.

நம் கடற்கரைக்கும் இதில் உறவுண்டு. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து பெறப்படும் கைட்டோசான் குருதிப்பெருக்கை நிறுத்தவும் கிருமிகளைத் தடுக்கவும் உதவுகிறது. அதைக் கொல்லாஜனோடு சேர்த்துப் புண்கட்டுகள் செய்யும் ஆய்வுகள் பல நடந்துள்ளன. நாம் கழித்தெறியும் ஓடும் குருத்தெலும்பும் மனிதத் தோலுக்கு மருந்தாகின்றன.

ஆயினும் மருந்துகள் மட்டும் கூடினால் போதுமா? எங்கள் பங்கில் உப்பளத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். நீரிழிவால் பாதத்தின் உணர்வு மங்கியிருந்ததால், பாத்தியில் உப்பு வாரும்போது உள்ளங்கால் கிழிந்ததே அவருக்குத் தெரியவில்லை. புண் ஆழமாயிற்று. இத்தகைய புண்ணுக்குக் காலில் பாரம் ஏறாதிருப்பதே முதல் மருந்து. மருத்துவர் நடக்கக் கூடாது என்றார்; ஆறாவிட்டால் பாதத்தையே இழக்க நேரும் என்றும் எச்சரித்தார். மறுவாரமே அவரை உப்பளத்துச் சாலையில் கண்டேன். கேட்டதற்கு, "மருந்து தாராங்க அண்ணாச்சி. வீட்டுல இருந்து ஆத்திக்கிட்டா கூலி யாரு தருவா?" என்றார்.

அக்கேள்விக்குப் பின்புதான் அந்த உவமையின் எஞ்சிய வரிகள் எனக்கு விளங்கின. சமாரியர் எண்ணெயோடும் மதுவோடும் நின்றுவிடவில்லை. காயமுற்றவரைச் சாவடிக்குக் கொண்டுசென்றார். மறுநாள் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். ஒரு தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. ஆக, அவர் சேர்த்த மூன்றாம் மருந்து ஓய்வு. அதற்கு அவர் கொடுத்த விலை இரண்டு நாள் கூலி.

இதை எங்கள் அன்பியக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். சில குடும்பங்கள் முறைவைத்து அவர் வீட்டுக்கு அரிசியும் கூலியில் ஒரு பகுதியும் கொடுத்துவருகின்றன. அவர் இப்போது திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருக்கிறார். புண்ணின் வாய் இன்னும் முழுவதும் மூடவில்லை. ஆனால் வாரந்தோறும் சுருங்கிவருகிறது.