ஏற்றத்தில் வழுக்கிய ஸ்கூட்டர்

எங்கள் வீட்டு வண்டி 1993 மாடல் கைனடிக் ஹோண்டா. என் மனைவி தன் சம்பளத்தில் வாங்கியது. அதனால் அது 'அவள் வண்டி'. நான் பின்னால் உட்காருகிறவன். பஜாஜின் சேத்தக் இதே புனேயின் ஆகுர்டியில்தான் தயாரானது. ஆனால் இடது கையால் கிளச்சைப் பிடித்துக் கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்ற அவளுக்குப் பொறுமை இல்லை. புனேயின் பிரோதியா குடும்பத்தாரும் ஜப்பானின் ஹோண்டாவும் 1984இல் கூட்டுச் சேர்ந்து, இந்தூர் அருகே பீதம்பூரில் தயாரித்த இந்த வண்டிக்குக் கியரும் இல்லை, கிளச் லீவரும் இல்லை. பட்டனைத் தொட்டால் கிளம்பும். இந்த ஊரில் எத்தனை பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போனார்கள் என்பதற்கு இந்த மாதிரி வண்டிகளும் ஒரு காரணம்.

ஓய்வு பெற்ற பிறகும் அவளுக்கு ஓய்வில்லை. ராஸ்தா பேட்டையில் இருக்கும் அவள் அம்மாவுக்கு வயது 86. தினமும் மாலை போய், இரவு மருந்தைக் கொடுத்துவிட்டு தனக்கவடிக்குத் திரும்புவாள். சுவார்கேட்டைத் தாண்டியதும் சதாரா ரோடு காத்ரஜ் மலையை நோக்கி மெல்ல ஏறும். ஒரு நாள் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "என்னங்க, எஞ்சின் கத்துது, வண்டி போக மாட்டேங்குது. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். உசுரே போயிடுச்சு."

பேட்டை மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "காகா, விகூன் டாகா" என்றார். விற்றுத் தள்ளு என்று அர்த்தம். விற்றால் மாமியாருக்கு எட்டு மணி மருந்து யார் கொடுப்பது? இரவில் ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசியவர்களுக்குத் தெரியும்.

ஆட்டோமேட்டிக் கார் இப்படி வழுக்கினால் வீட்டில் செய்ய முடிந்தது அதிகமில்லை. ஆயில் அளவையும் நிறத்தையும் பார்க்கலாம், அவ்வளவுதான். கியரில்லா ஸ்கூட்டர் வேறு ஜாதி. முன்னால் எஞ்சினோடு சுற்றும் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவே ரப்பர் பெல்ட். வேகம் கூடினால் முன் கப்பிக்குள் இருக்கும் உருளைகள் வெளிப்பக்கம் ஓடி, கப்பியின் இரு தட்டுகளை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். கியர் தானாக மாறிய கணக்கு. பின் கப்பியோடு இருக்கும் கிளச் ஷூக்கள் சுற்றும் வேகத்தில் விரிந்து, ஒரு டிரம்மைப் பற்றிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பும். 1958இல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி இதே தத்துவத்தைக் காரில் வைத்து அறிமுகப்படுத்தியது. 2001இல் வந்த ஆக்டிவாவிலும் இதே ஏற்பாடுதான்.

முதலில் நோயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினும் கத்தாமல், வண்டியும் போகாமல் இருந்தால் கோளாறு எஞ்சினில். டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்ஸரில் கரி அடைத்திருக்கலாம். எஞ்சின் கத்தியும் வண்டி நகரவில்லை என்றால்தான் வழுக்கல். கிளம்பும்போதே வழுக்கினால் கிளச் ஷூ மீது சந்தேகம். ஓடுகிற வண்டி ஏற்றத்தில் வழுக்கினால் பெல்ட் மீது. எங்கள் வண்டிக்கு இரண்டும் இருந்தது.

ஞாயிறு காலை சொசைட்டி பார்க்கிங்கில் இடப்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்புத் தூள். அதை வாயால் ஊதக் கூடாது. பழைய கிளச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். அதற்குள் வாட்ச்மேனும், மூன்றாம் மாடி குல்கர்ணியும், பால்காரரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியாயிற்று.

முன் கப்பியின் நட்டைத் திருகினால் எஞ்சினும் சேர்ந்து சுற்றும். இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பருத்திக் கயிற்றைச் சிலிண்டருக்குள் விட்டால் பிஸ்டன் முட்டி நிற்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறி, பக்கத் துவாரங்களை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் கயிறு துவாரத்தில் சிக்கும்.

பெல்ட் விளிம்புகள் பளபளவென்று மெழுகி, அடிப்பல்லில் வெடிப்பு. புது பெல்ட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகலம் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. உருளைகள் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தன. இதெல்லாம் வண்டியின் குற்றமில்லை, ரப்பருக்கும் வயசாகும். முக்கியமான குற்றவாளி பின்பக்கம் இருந்தான். கிளச்சுக்குப் பின்னால் ஈரம். தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் வாடை இல்லை. கியர் ஆயிலின் கந்தக நாற்றம். சக்கரத்தருகே உள்ள கியர்ப் பெட்டியின் ஆயில் சீல் இறுகிப்போய்க் கசிந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் அதுவும் கொஞ்ச நாளில் எண்ணெய் குடித்து வழுக்கும்.

நானா பேட்டைக் கடைகளில் மூன்று மணி நேரம் அலைந்தேன். பெல்ட், உருளைகள், சீல் கிடைத்தன. கிளச் ஷூ கிடைக்கவில்லை. பழையதில் லைனிங் இன்னும் கனமாக இருந்ததால், எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாளை ஈரப்படுத்தி மேல்பளபளப்பை மட்டும் தேய்த்தேன். கிளச்சுக்குள் இருக்கும் பெரிய ஸ்பிரிங் பக்கம் போகவில்லை. அதற்குரிய கருவி இல்லாமல் அவிழ்த்தால் நட்டு முகத்தில் வந்து அடிக்கும்.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். பின் கப்பியைக் கையால் விரித்து பெல்ட்டை ஆழமாக அழுத்தினால்தான் முன்னால் தொய்வு கிடைக்கும். தொய்வில்லாமல் நட்டை முறுக்கினால் பெல்ட் தட்டுகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு, நட்டு இறுகியதுபோல் ஏமாற்றும். கடைசியாகக் கியர்ப் பெட்டிக்குப் புது ஆயில் ஊற்றி மூடினேன்.

அன்று மாலை காத்ரஜ் பக்கம் போய்ப் பார்த்தோம். அவள் ஓட்ட, நான் பின்னால். ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பினாள். எஞ்சின் சத்தமும் வண்டியும் சேர்ந்தே ஏறின. "ராஸ்தா பேட்டைக்கு நேரமாச்சு, நீங்க இங்கேயே இறங்கி பஸ் பிடிச்சுப் போயிடுங்க" என்றாள். இறங்கிக்கொண்டேன்.