பிராண்டடா... அசெம்பிள்டா? காயல்பட்டினத்தில் ஒரு குதிரைப் பஞ்சாயத்து!

கேமிங் கம்ப்யூட்டருக்கும் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அரபுக் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? 'செமஸ்டர் டென்ஷன்ல பையன் உளர்றான்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். சம்பந்தம் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்க நீங்க என்கூட ஒரு பாசஞ்சர் ரயில் ஏறணும். டிக்கெட் செலவு என்னோடது!

திருநெல்வேலி ஜங்ஷன்ல ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சாச்சு. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரினு தாமிரபரணியை ஒட்டியே வண்டி போகுது. வாழைத்தோப்பு, வயல், மறுபடியும் வாழைத்தோப்பு. நாசரேத், குரும்பூர் தாண்டி ஆறுமுகநேரி வந்ததும் காத்துல உப்பு வாசம். அடுத்த ஸ்டேஷன் காயல்பட்டினம். கொஞ்சம் அசந்தா திருச்செந்தூர் போய் முருகனைத்தான் பார்க்கணும்.

ஸ்டேஷன்ல என் கிளாஸ்மேட் காத்துக்கிட்டு இருந்தான். 'சனிக்கிழமை வா மச்சான், வீட்டுல ஒரு பஞ்சாயத்து இருக்கு'னு கூப்பிட்டிருந்தான். பஞ்சாயத்து என்னன்னா, அவனுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். ரெடிமேடா வாங்குறதா, பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் பண்றதா? நான் மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் விஷயத்துல எனக்குத் தெரிஞ்சது, சூடானா ஃபேன் சுத்தும். அவ்வளவுதான். ஆனாலும் என்னை நடுவரா போட்டுட்டான்.

காயல்பட்டினம் தெருக்கள்ல ஒரு தடவை நடந்து பாருங்க. சினிமா தியேட்டர் இல்லாத ஊர்னு பேர் வாங்கின ஊர் இது. ஆனா ஃபுட்பால்னா தலைகீழா நிப்பாங்க. மே மாசம் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்துற மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் கோப்பைக்கு வெளிமாநில டீம்கள்கூட வந்து ஆடியிருக்கு. வீடுகளுக்குப் பின்னாடி பெண்கள் நடந்து போறதுக்குன்னே குறுகலான முடுக்குகள். எந்த வீட்டுல கேட்டாலும் ஒருத்தர் ஹாங்காங்ல, ஒருத்தர் துபாய்ல, ஒருத்தர் கொழும்புல. என் நண்பனோட காக்காவும் ஹாங்காங்லதான். (காக்கான்னா இங்க அண்ணன். பறவை இல்ல. முதல் வருஷம் நான் மாட்டிக்கிட்ட மாதிரி நீங்களும் மாட்டிக்காதீங்க!)

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் உம்மா வாடாவும் டீயும் கொண்டு வந்து வெச்சாங்க. வாடாவைக் கடிச்சுக்கிட்டே சுவரைப் பார்த்தேன். தரையிலேர்ந்து முழங்கால் உயரத்துல ஒரு மங்கலான கோடு, வீடு முழுக்க ஓடுது. பெயின்ட் அடிச்சும் போகலையாம்.

2023 டிசம்பர் 17. அன்னிக்கு ஆரம்பிச்ச மழை, மறுநாள் காலை எட்டரை மணிக்குள்ள இந்த ஊர்ல மட்டும் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுக்க இந்தப் பக்கம் பெய்யிறதைவிட அதிகம். நாம ரயில்ல தாண்டி வந்தோமே ஸ்ரீவைகுண்டம், அங்கதான் செந்தூர் எக்ஸ்பிரஸ் கிட்டத்தட்ட 800 பயணிகளோட வெள்ளத்துல மாட்டி நின்னுச்சு. அதே ராத்திரி இவங்க வீட்டுக்குள்ள பின்பக்க முடுக்கு வழியா தண்ணி வந்திருக்கு. பீரோவோட கீழ்த்தட்டு, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், எல்லாம் போச்சு. மேசைக்குக் கீழ தரையில நின்ன இவனோட பழைய கம்ப்யூட்டர் பாதி வரைக்கும் முங்கிடுச்சு.

"கரன்ட் முன்னாடியே போயிடுச்சு மச்சான். அது ஒண்ணுதான் நல்லது. பவர் சப்ளை, ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு மூணும் கீழ்ப்பாதியில இருந்துச்சா, சேத்துல ஊறிடுச்சு. மதர்போர்டு காய வெச்சு ரெண்டு வாரம் ஓடுச்சு. அப்புறம் பச்சை பூத்து செத்துப்போச்சு."

அதுக்கப்புறம் வீட்டைச் சரி பண்ணவே காசு சரியா இருந்திருக்கு. இப்பதான், காக்கா அனுப்பினது கொஞ்சம், இவன் மேட்ச் வீடியோ எடிட் பண்ணிச் சம்பாதிச்சது கொஞ்சம்னு 75 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கு. வெள்ளத்துக்கு அப்புறம் ரிப்பேருக்காக இல்லாம, ஆசைக்காக இந்த வீடு வாங்கப்போற முதல் பெரிய பொருள். தப்பாப் போனா அடுத்தது எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. நான் சிரிச்சுக்கிட்டே வந்த பஞ்சாயத்து, அந்தக் கோட்டைப் பார்த்ததும் சீரியஸ் ஆகிடுச்சு.

சரி, கேஸ் கட்டைப் பிரிப்போம்.

ரெடிமேட் கட்சி: விலை 74 ஆயிரம். பெட்டியைப் பிரி, ப்ளக்கைச் சொருகு, ஆடு. பில் ஒண்ணு, வாரன்ட்டி ஒண்ணு. அசெம்பிள் கட்சி: எல்லாமே புதுசா, பார்ட் பார்ட்டா வாங்கினா 80 ஆயிரம். 'அசெம்பிள் பண்ணா சீப்'னு நம்ம சீனியர்கள் காலங்காலமா சொன்ன வேதம் எங்க போச்சு? அதுக்குக் காரணம் ராம். 2025 கடைசியில ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமா அள்ள ஆரம்பிக்க, ராம் விலை தாறுமாறா ஏறிடுச்சு. அந்த டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, நம்மை மாதிரி ஆளுங்களுக்கு ராம் வித்துக்கிட்டு இருந்த தன்னோட 'க்ரூஷியல்' பிராண்டையே மூடப்போறதா அறிவிச்சது. ரெடிமேட் கம்பெனிகள் முன்னாடியே வாங்கி வெச்ச ஸ்டாக்கைப் போட்டு விக்கும்போது சில சமயம் அதுதான் சீப்.

"காக்காகிட்ட சொல்லி ஹாங்காங்லேர்ந்து வாங்கிட்டு வரச் சொன்னா என்ன?"னு கேட்டேன். ஷாம் ஷுய் போ ஏரியாவுல கோல்டன் கம்ப்யூட்டர் ஆர்கேட்னு ஒரு இடம். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒரே பில்டிங்குக்குள்ள அடைச்ச மாதிரி இருக்குமாம். ஆனா லக்கேஜ்ல கொண்டு வர்ற பொருளுக்கு வரம்பு உண்டு, தாண்டினா சுங்க வரி. அதைவிட முக்கியம், பல பார்ட்ஸுக்கு வாரன்ட்டி வாங்கின நாட்டுல மட்டும்தான். கார்டு படுத்துட்டா அதுவும் காக்காகூடவே திரும்ப ஃப்ளைட் ஏறணும்!

மணி அஞ்சாச்சு. 'மூளை சூடாகிடுச்சு, வா'னு பீச்சுக்கு இழுத்துட்டுப் போனான். காயல்பட்டினம் பீச்சைப் பத்தி ஒரே வரி: சாயங்காலம் ஊரே அங்கதான் இருக்கு. மணல்ல உக்கார்ந்து கடலைப் பார்த்தப்பதான் குதிரை வந்துச்சு. அதாவது, பேச்சுல.

1290-கள்ல இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, 'காயில்'னு ஒரு பெரிய துறைமுகத்தைப் பத்தி எழுதியிருக்கார். ஹோர்முஸ், கிஷ், ஏடன்லேர்ந்து குதிரைகளை ஏத்திக்கிட்டு வர்ற கப்பல்கள் எல்லாம் வந்து நிக்கிற இடம். அது எந்த ஊர்? 1881-ல வெளியான தன்னோட திருநெல்வேலி வரலாற்று நூல்ல பாதிரியார் கால்டுவெல் கைகாட்டினது, தாமிரபரணிக்கு வடக்கே இருக்குற பழைய காயலை. ஆத்துக்குத் தெற்கே இருக்குற காயல்பட்டினத்துக்காரங்க அவ்வளவு லேசுல விட்டுக்கொடுக்க மாட்டாங்க. அந்தச் சண்டைக்குள்ள நாம போக வேணாம். குதிரை இந்தக் கரையிலதான் இறங்குச்சு. நமக்கு அது போதும்.

பாண்டிய ராஜா வருஷத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல குதிரை வாங்கினாராம். வருஷக் கடைசியில நூறுகூட உயிரோட மிஞ்சாதுங்கிறார் போலோ. ஏன்? குதிரையைப் பராமரிக்கவே இங்க யாருக்கும் தெரியலை. சோத்தையும் கறியையும் வேகவெச்சு ஊட்டியிருக்காங்க! குதிரைக்கு வைத்தியம் பார்க்குற ஆள் ஒருத்தர்கூட இல்லை. வியாபாரிங்க கூட்டிட்டு வர மாட்டாங்க. வேற யாராவது வந்தாலும் தடுத்துடுவாங்க. குதிரை பிழைச்சுட்டா அடுத்த வருஷம் யாவாரம் ஆகாதே!

இன்னொரு கூத்து. அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினபடி, ஒரு குதிரையோட விலை 220 செம்பொன் தினார். வர்ற வழியில கடல்ல செத்தாலும் ராஜா கஜானாவுலேர்ந்து காசு கொடுத்தாகணும். உடைஞ்சு வந்த பொருளுக்கும் முழுப் பணம். கேஷ் ஆன் டெலிவரிகூட இல்ல பாஸ், கேஷ் ஆன் டெத்!

"அப்ப ராஜா உள்ளூர்லயே குட்டி போட வெச்சிருக்கலாமே? அதான் அசெம்பிள்டு!"ன்னான் நண்பன். அதையும் போலோ எழுதியிருக்கார். நல்ல பெரிய ஜோடியைச் சேர்த்தாலும் பிறந்த குட்டி சவலையா, ஏறி உக்கார லாயக்கில்லாம இருந்துச்சாம்.

இப்ப யோசிங்க. ரெடிமேடா வாங்கினதும் செத்துச்சு. உள்ளூர்ல உண்டாக்கினதும் தேறலை. அப்ப கேள்வி 'வாங்குறதா, அசெம்பிள் பண்றதா'ங்கிறதே இல்ல. 'வைத்தியம் பார்க்க ஆள் யாரு'ங்கிறதுதான் கேள்வி. ராஜா குதிரைக்குக் கொடுத்த காசுல துளியூண்டு வைத்தியனுக்குக் கொடுத்திருந்தா, அடுத்த வருஷக் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மணலைத் தட்டிட்டு எந்திரிச்சோம். நேரா ரெடிமேட் கம்பெனிக்கு போன். கேட்டது ஒரே கேள்வி: "628204-க்கு ஆள் அனுப்புவீங்களா?" அதான் காயல்பட்டினம் பின்கோடு. ஒரு வருஷ வாரன்ட்டி இருக்கு சார், ஆனா அந்த ஏரியாவுக்கு ஆள் வர மாட்டாங்க, பெட்டியை நீங்கதான் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பணும்னு பதில் வந்துச்சு. அடுத்து நெட்ல தேடினா, அந்த மாடல்ல பவர் சப்ளையும் மதர்போர்டும் கம்பெனியோட தனி அளவு. கடையில கிடைக்கிற சாதா பவர் சப்ளை அதுக்குள்ள உக்காராது. குதிரை ரெடி, வைத்தியன் கிஷ் தீவுல!

அசெம்பிள்ல என்னன்னா, ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி வாரன்ட்டி. பெட்டியில வர்ற இன்டெல், ஏ.எம்.டி. புராசசருக்கு 3 வருஷம். ஆனா எது கெட்டுச்சுன்னு கண்டுபிடிக்கிற வேலை நம்ம தலையில. அது தெரியலைன்னா நம்மகிட்ட இருக்குறதும் சவலைக் குட்டிதான். (தண்ணி புகுந்தா ரெண்டு கட்சிக்குமே வாரன்ட்டி கிடையாது. பில்லோட பின்பக்கத்தைப் படிங்க!)

வீட்டுக்குத் திரும்பினதும் நண்பன் மேசை டிராயரைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தான். உள்ள, பேப்பர்ல சுத்தி வெச்ச ரெண்டு ராமும் ஒரு புராசசரும். வெள்ளத்துல பிழைச்சது. மதர்போர்டோட மேல்பாதியில இருந்ததால தண்ணி எட்டலை. ராமோட காலை ரப்பர் வெச்சுத் தேய்ச்சு, காலேஜ் லேப்ல வேற மெஷின்ல போட்டுப் பார்த்திருக்கான். ஓடுது!

"டேய், இதை ஏண்டா முதல்லயே சொல்லலை?"

"பழசுதானே மச்சான்னு..."

பழசுதான். டிடிஆர்4 ராம். புது டிடிஆர்5 போர்டுகள்ல இது ஏறாது, வெட்டே வேற இடத்துல இருக்கும். ஆனா புராசசர் ஏஎம்4 சாக்கெட். 2016-ல வந்த அந்த சாக்கெட்டுக்கு 2024-லயும் ஏ.எம்.டி. புது புராசசர் விட்டிருக்கு. அதுக்கான போர்டு இன்னும் கிடைக்குது, அதுல இந்த ராம் அப்படியே உக்காரும். பேப்பர்ல கணக்குப் போட்டோம். போர்டு, நல்ல பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, கேபினெட். ராமும் புராசசரும் ஜீரோ ரூபாய். மொத்தம் 56 ஆயிரம். இன்னிக்கு எது யானை விலை விக்குதோ, அதை வெள்ளம் இவனுக்கு மிச்சம் வெச்சுட்டுப் போயிருக்கு.

தீர்ப்பு வந்தாச்சு: அசெம்பிள். ஆனா ஒரு கண்டிஷன். கடைக்காரர் மாட்டிக் கொடுக்கிறதை வாங்கிட்டு வரக்கூடாது. பில்லோட பார்ட்ஸை வாங்கிட்டு வந்து, இவனே வீட்டுல உக்கார்ந்து மாட்டணும். ஒரு தடவை கையால மாட்டினவனுக்குத்தான், நாளைக்கு ஸ்க்ரீன் கறுப்பானா எதைக் கழட்டிப் பார்க்கணும்னு தெரியும். இந்த வீட்டுக் குதிரைக்கு வைத்தியன் இவன்தான்.

மிச்சம் 19 ஆயிரம்? ஒரு யுபிஎஸ். அப்புறம் சுவர்ல அந்தக் கோட்டுக்கு ரெண்டடி மேல ஒரு இரும்பு ஸ்டாண்ட், கடலைப் பார்த்த ஜன்னலுக்குத் தள்ளி, உப்புக்காத்து படாத மூலையில. உடனே ராத்தா குரல் கொடுத்தாங்க: "என் சுவர்ல ஓட்டை போடப்போறியா?" காயல்பட்டினத்துல வீடு பொண்ணுங்களுக்கு. கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போகணும். ஸோ, ஸ்டாண்டையும் கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி அசெம்பிள் பண்றதா ராஜி ஆச்சு!

ராத்திரி ஒரே சஹன் தட்டைச் சுத்தி உக்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிடும்போது உம்மா மட்டும் யோசனையா இருந்தாங்க. "கம்ப்யூட்டரை மேல ஏத்தறே, சரி. அந்தப் புது கிரைண்டரையும் ஏத்துற மாதிரி ஒரு பலகை போடு வாப்பா." நாங்க யாரும் நினைச்சே பார்க்காத விஷயம். 19 ஆயிரத்துலயே அதுக்கும் ஒரு வரி எழுதினோம்.

இப்ப உங்க முறை. நீங்களும் இதே குழப்பத்துல இருந்தா மூணே மூணு கேள்வி கேளுங்க. உங்க பின்கோடுக்கு ஆள் வருவாங்களா? வந்தா ரெடிமேட் வாங்குறதுல தப்பே இல்ல. ஒரு பார்ட் செத்தா அதை மட்டும் உங்க பக்கத்து டவுன்ல வாங்க முடியுமா? உங்க வீட்டு டிராயர்ல ஏற்கெனவே என்ன இருக்கு? விலைப் பட்டியலை அப்புறமா பாருங்க.

திரும்பி வர்ற ரயில்ல ஜன்னல் வழியா இருட்டைப் பார்த்துக்கிட்டே வந்தேன். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன், என் ரூம் ஃபேனைக்கூட நான் கழட்டினதில்ல. நாளைக்குக் காலைல முதல் வேலை, ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கணும்.